உழக்கினால்தான் பாட்டு

யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரரிடம் 'உன்ர இளமைக்காலப் பாட்டு எது' என்று கேட்டுப் பாருங்கள், கணக்குக் கொஞ்சம் உதைக்கும். 1990களில் மீசை அரும்பினவன் 1982இல் வந்த பாட்டைச் சொல்லி உருகுவான். ரசனை ஒன்றும் காரணமில்லை. 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கினதோடு கறண்ட் போய்விட்டது, பற்றரி தடைசெய்த பொருட்களின் பட்டியலில் ஏறிவிட்டது, புதுக் கசெற் வருவதே அருமை, அதனால் வீட்டில் முன்னமே கிடந்ததைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தோம். வீதியில் லவுட் ஸ்பீக்கரில் எழுச்சிப் பாட்டு, வீட்டுக்குள் இளையராஜா.

எங்கள் வீட்டில் கிடந்தவை மாமாவின் கசெற்றுகள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு துண்டில் பாட்டுகளை வரிசையாக எழுதி றெக்கோடிங் பாரில் கொடுத்தால் பதிந்து தருவார்கள். ஒரு பக்கம் 'நிழல்கள்', 'அலைகள் ஓய்வதில்லை', 'பயணங்கள் முடிவதில்லை', மற்றப் பக்கம் முழுக்க போனி எம் குழுவின் 'ரஸ்புடின்' மாதிரி இங்கிலீசுப் பாட்டுகள். 83 கலவரத்துக்குப் பிறகு மாமா ஜேர்மனிக்குப் போனார். போனி எம் குழுவைத் தொடங்கினதும் ஜேர்மனியில்தான் என்று யாரோ சொல்லிவிட, "அந்தக் கூத்தாடியளைத் தேடித்தான் போட்டான்" என்று அம்மம்மா கடைசிவரைக்கும் சாதித்தா.

சரி, கறண்ட் இல்லாமல் எப்படிப் பாட்டு? சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஹான்டிலும் சீற்றும் நிலத்தில் படும்படி நிறுத்தி, பின் ரயரில் டைனமோவை அழுத்திவிட்டு, பெடலைக் கையால் சுற்றி உழக்க வேண்டும். சைக்கிள் டைனமோ 6 வோல்ட், நாலு பற்றரி போடுகிற கசெற் றேடியோவும் 6 வோல்ட், பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்த மாதிரி. நடுவில் ஒரு டயோட் வேண்டும், இல்லாவிட்டால் பாட்டை விட 'ஙொய்' என்ற இரைச்சல்தான் கூடக் கேட்கும். ரீவைண்ட் பண்ணினால் கை கழண்டுவிடும், அதற்குப் பேனைதான்.

கை களைத்தால் எஸ்.பி.பி.யின் குரல் இறங்கும். 'இளைய நிலா' கிற்றார் வாசிப்பு நன்றாகத்தான் தொடங்கும், சரணத்துக்கு வரும்போது காய்ச்சல்காரன் பாடுவது போல இழுபடும். "உழக்கடா!" என்று உள்ளிருந்து சத்தம் வரும். உழக்கினால் சட்டென்று சின்னப் பிள்ளைக் குரல். பல வருடங்கள் கழித்து ஒரு கலியாண வீட்டில் அந்தப் பாட்டு முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில் போனது, எனக்கு அது ஏதோ குறைவாகவே பட்டது.

இரவு ஒன்பதே காலுக்கு பிபிசி தமிழோசை. ஒழுங்கை முழுக்க எங்கள் விறாந்தைக்கு வந்துவிடும். எனக்குக் கூலி, செய்திக்கு முன்னால் ஒரு பாட்டு, அதுவும் நான் சொல்கிற பாட்டு. பக்கத்து வீட்டு மாஸ்ரருக்கு இந்த ஏற்பாடு அறவே பிடிக்காது. "நாடு கிடக்கிற கிடையில உவருக்குப் பாட்டு" என்பார்.

ஒருநாள் செய்தியில் "யாழ்ப்பாணத்தில் இன்று" என்ற இடத்தில் சைக்கிள் செயின் கழண்டது. சில்லுச் சுற்றி ஓயும்வரை குரல் தேய்ந்து தேய்ந்து நின்றது. எல்லாரும் ஒரே நேரத்தில் எழும்பினதில் ஜாம் போத்தல் விளக்கும் தட்டுப்பட்டு அணைந்தது. இருட்டில் மாஸ்ரர் தடவித் தடவிச் செயினை மாட்ட, அப்பா நெருப்புப்பெட்டி தேட, அம்மம்மா "ஐயோ எந்த இடமாம், எந்த இடமாம்" என்று கேட்க, கடைசியில் றேடியோ திரும்பப் பேசியபோது தமிழோசை முடிந்து வேறு யாரோ வேறு பாசையில் கதைத்துக்கொண்டிருந்தார். மாஸ்ரரின் வெள்ளைச் சாரத்தில் அஞ்சு விரலும் கிறீஸில் பதிந்திருந்தது. விடியும்போது பொம்மர் குண்டு போட்ட இடம் என்று ஒழுங்கைக்குள் மூன்று ஊர் உலாவியது, மூன்றுக்கும் 'பிபிசி சொன்னது' என்றே பேர்.

அடுத்தநாள் எட்டரைக்கே மாஸ்ரர் வந்துவிட்டார். "நீ விலகு, இண்டைக்கு நான் சுத்துறன்" என்றார். பெடலைப் பிடித்து ரெண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, விறாந்தையில் வேறு யாரும் இன்னும் வரவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, செய்திக்கு இன்னும் நேரம் கிடக்குத்தானே... அந்த ரஸ்புடின் பக்கத்தை ஒருக்காப் போடு பாப்பம்."