சின்னான் எவ்வளவு வளர்வான்

நவம்பர் 18
எங்கள் நாய்க்குட்டி சின்னானின் காது இன்றைக்கும் எழும்பவில்லை. இடது காது மட்டும் பாதி எழும்பி, நுனியில் மடிந்து விழுகிறது.

நவம்பர் 20
சமையலறைத் தராசில் இனி அடங்கமாட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு பெரிய தராசில் ஏறி, என் எடையைக் கழித்துப் பார்த்தேன். 4.6 கிலோ. மூன்று மாதம் இப்போதுதான் முடிந்தது.

"பொமரேனியன் குட்டி, மடியை விட்டு இறங்காது" என்று சொல்லித்தான் தெஹிவளை மாமி தந்தார். பொமரேனியன் முழுதாக வளர்ந்தாலே மூன்று, மூன்றரைக் கிலோதான் வரும். மாமிக்கு போன் எடுத்தேன். தாயை நீர்கொழும்பில் பார்த்தாராம்: வெள்ளை, சடை, குள்ளம். தகப்பனை யாரும் பார்க்கவில்லை. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு இரண்டு தகப்பன்கூட இருக்கலாம், அதனால் மற்றக் குட்டிகளைத் தேடிப் பார்த்தும் ஒன்றும் தெரியாது.

நவம்பர் 23
மழை. அம்மா சோபாவிலேயே இருந்தார். இரவு, சின்னானிடம் மட்டும், "பசிக்குதோடா?" என்றார்.

நவம்பர் 27
விசர் தடுப்பூசி போட்டாயிற்று. கத்தவே இல்லை. அட்டையில் 'இனம்' என்ற இடத்தில் டொக்டர் 'கலப்பு' என்று எழுதினார். எதோடு எது கலந்தது என்று கேட்டேன். "பார்த்துச் சொல்ல ஏலாது, பிள்ளை. கலப்புக் குட்டி சிலவேளை தாயைப் போலவும் இராது, தகப்பனைப் போலவும் இராது" என்றார். பாதத்தைக் காட்டினேன். விரல்கள் தடித்து, நடுவில் கறுப்புத் திட்டோடு, உடம்புக்குப் பொருந்தாத பாதம். அதை வைத்து உயரம் சொல்ல முடியாதாம். நாலு மாதத்தில் உள்ள எடையை இரண்டால் பெருக்கினால் ஓரளவு கிட்ட வருமாம், அதுவும் நடுத்தர நாய்க்குத்தான். சின்ன இனங்கள் எட்டு, பத்து மாதத்தில் வளர்ச்சியை நிறுத்திவிடும். பெரியவை ஒன்றரை வருடம் வரை இழுக்கும்.

ஒன்றரை வருடம்! பெப்ரவரியில் வீட்டு வாடகை அக்ரிமென்ட் முடிகிறது.

இரவெல்லாம் வாசித்தேன். சின்ன நாய்கள் சின்னதாக இருப்பதற்கு ஐஜிஎஃப்1 என்ற ஒரு மரபணு பெரிய காரணம் என்று 2007இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தத் துண்டு இவனுக்குத் தாயிடமிருந்து வந்திருக்கும். தகப்பனிடமிருந்து என்ன வந்ததோ.

டிசம்பர் 2
லிஃப்டில் வீட்டுக்காரர். "சின்னது தானே?"

டிசம்பர் 5
கேட்டடியில் நிற்கும் செக்யூரிட்டி ஐயா பாதத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மேயா லொக்கு வெனவா, மிஸ்" என்று சிங்களத்தில் சொன்னார். இவன் பெரிசா வருவானாம். சந்தோசமாகத்தான் சொன்னார். எனக்கு வயிறு கலங்கியது.

பெரியப்பா வவுனியாவில் வளவு இருக்கிறது, கொண்டுபோய் விடு என்கிறார். ஆறு பேர் இதையே சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஒருவரும் இந்த வீட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு இருந்ததில்லை. அம்மா எழும்பி, லைட்டைப் போட்டு, அவனுக்குப் பால் சுட வைக்கிறார். அதற்கு முன்னம் அம்மா அந்த அடுப்பைப் பற்றவைத்து எவ்வளவு காலம்! அவனை விடமாட்டேன். அவன் குதிரை அளவு வளர்ந்தாலும்தான்.

டிசம்பர் 11
மூன்றாவது ஊசி. காய்ச்சல் மாதிரி சுருண்டு கிடந்தான். நானும் அம்மாவும் மாறிமாறி முழித்திருந்தோம். விடிய, செருப்பைக் கடித்தான். அப்பாடா.

டிசம்பர் 16
இரண்டு காதும் எழும்பின!! ஜேர்மன் ஷெப்பர்டா? ஆண் என்றால் முப்பது, நாற்பது கிலோ.

டிசம்பர் 17
வலது காது விழுந்துவிட்டது. பல் மாறும் காலத்தில் அப்படி விழுந்து எழும்புமாம்.

டிசம்பர் 20
7.5. இரண்டால் பெருக்கினால் பதினைந்து. பாயில் ஒரு பல் கிடந்தது, அரிசி அளவு, அடியில் துளி ரத்தம். பாற்பல் இருபத்தெட்டும் விழுந்து நாற்பத்திரண்டு முளைக்க வேண்டும். அம்மா பல்லைக் கழுவிக் குங்குமச் சிமிழில் போட்டு வைத்திருக்கிறார்.

டிசம்பர் 27
முதல் தடவையாக வெள்ளவத்தை மெரின் டிரைவில், கடலோரமாக, இறக்கி நடத்தினேன். அம்மாவும் வந்தார், பாதி தூரம். கடலைக்காரர் பக்கத்தில் ஒரு தெருநாய் படுத்திருந்தது. அதே சுருண்ட வால், அதே வெள்ளைப் பாதம், அதே மடிந்த நுனிக் காது. எழும்பி நின்றபோது என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அவ்வளவுதான். எவ்வளவு அழகான நாய்! நீர்கொழும்பு எங்கே, வெள்ளவத்தை எங்கே, தகப்பனாக இருக்க முடியாது. ஆனாலும் ரயில் போய் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 3
அண்ணா டொரண்டோவிலிருந்து அனுப்பிய டிஎன்ஏ பெட்டி வந்தது. கன்னத்து உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, குழாயில் போட்டு, திரும்ப அனுப்ப வேண்டும். இனத்தோடு, வளர்ந்தால் எத்தனை கிலோ என்ற கணிப்பும் வருமாம். குச்சியைக் கடித்துவிட்டான். அம்மா வாயைப் பிடித்தார், நான் தேய்த்தேன்.

ஜனவரி 9
பதில் வரவில்லை. எடை 9.1 கிலோ.

ஜனவரி 10
வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். பதில் அதற்கு முன் வராது. பதினைந்து, பதினெட்டுக் கிலோ வரும் என்றே சொல்லப்போகிறேன். அம்மா தானும் பேசுகிறேன் என்கிறார்.