பழத்தோலின் நிறமும் இரவின் குளிரும்

மதுரையில் எங்கள் தெருமுனையில் நிற்கும் பழவண்டியில் சென்ற தை மாதம் ஒரே நேரத்தில் மூன்று வகைப் பழங்கள் குவிந்திருந்தன. பஞ்சாபிலிருந்து வந்த கின்னோ, பளபளவென்று மெழுகு பூசியதுபோல் அடர்ந்த ஆரஞ்சு நிறத்தில் முன்வரிசையில் இருந்தது. அதன் பின்னால் பழனி மலையில் இருக்கும் தாண்டிக்குடிப் பக்கத்துக் கமலா ஆரஞ்சு, காம்பைச் சுற்றிப் பச்சை மாறாமல், மஞ்சளும் பச்சையுமாகக் கிடந்தது. ஓரத்தில் ஆந்திரத்துச் சாத்துக்குடி, முழுப் பச்சை. வருகிறவர்கள் எல்லோருடைய கையும் முதலில் கின்னோவுக்குத்தான் போயிற்று. என் கையும் போனதைப் பார்த்த வண்டிக்கார அம்மா, "நெறத்தப் பாத்து வாங்காதீக சார், மலைக் கமலாவுல ஒண்ணு உரிச்சுத் தின்னு பாருங்க" என்றார். மூன்றிலும் அரைக் கிலோ வாங்கிவந்து சமையலறை மேடையில் வைத்து அறுத்துப் பார்த்தேன்.

கின்னோவின் தோல் சதையோடு ஒட்டியிருந்தது, சாறு நிறைய, ஆனால் இனிப்புக்கு முன்னால் புளிப்பு வந்து நாக்கின் ஓரத்தைக் கடித்தது, ஒரு பழத்தில் விதைகள் இருபதை நெருங்கின. கமலாவை நகத்தால் கீறியவுடனேயே தோல் சட்டைபோல் கழன்றது. இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று மிஞ்சாமல் இருந்தன. சாத்துக்குடியில் புளிப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆக, நிறத்தில் முதலிடம் பெற்ற பழம் புளிப்பிலும் முதலிடம் பெற்றது. பச்சையாக இருந்த பழமே மிகவும் கனிந்திருந்தது. இனத்துக்கு இனம் சுவை மாறும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த மூன்று பழங்களும் எந்த வெப்பநிலையில் வளர்ந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த முரணில் பெரும்பகுதி விளங்கிவிடுகிறது.

நாரத்தைக் குடும்பத்துப் பழங்களின் தோல் நிறம் பழுத்ததற்கான அடையாளம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது இரவுக் குளிரின் அடையாளம். இரவு வெப்பநிலை ஏறத்தாழ 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும் நாள்கள் தொடர்ந்து வரும்போதுதான் தோலில் உள்ள பச்சையம் விரைவாகச் சிதைந்து, கரோட்டினாய்டு நிறமிகள் திரண்டு, ஆரஞ்சு நிறம் மேலே தெரியும். பஞ்சாபின் அபோகர், பாசில்கா வட்டாரங்களில் மார்கழி, தை இரவுகள் நடுங்க வைக்கும் குளிரில் கழிகின்றன. அங்கே விளையும் கின்னோ அதனால்தான் அப்படிச் சிவக்கிறது. சமவெளியில் விளையும் சாத்துக்குடிக்கு அந்தக் குளிர் கிடைப்பதில்லை. உள்ளே சுளை முழுக்கக் கனிந்த பின்னும் அதன் தோல் பச்சையாகவே இருப்பது மரத்தின் குறையல்ல, வானிலையின் கணக்கு. தாண்டிக்குடி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல், காப்பிச் செடிகளுக்கு இடையில், மிதமான குளிரில் வளரும் கமலாவின் தோலும் அதற்கேற்பப் பாதி நிறம் மாறிப் பாதியில் நின்றுவிடுகிறது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. வாலன்சியா ஆரஞ்சு குளிர்காலத்தில் நன்றாக நிறம் ஏறிய பிறகும் மரத்திலேயே விடப்பட்டால், வசந்தத்தில் வெப்பம் கூடும்போது தோல் மறுபடியும் பச்சையாகத் திரும்பும். உள்ளே இனிப்பு கூடிக்கொண்டிருக்க, வெளியே பழம் காயாகிக்கொண்டிருக்கும். வாங்குபவரிடம் இதை யார் விளக்குவது? அமெரிக்கர்கள் சாயம் பூசினார்கள்: சாறு பிழியாமல் நேரடியாக விற்கும் ஆரஞ்சின் தோலில் மட்டும் பூச 'சிட்ரஸ் ரெட் 2' என்ற செயற்கைச் சாயத்துக்கு அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 1959இல் அனுமதி அளித்தது. நம் நாட்டில் எத்திலின் வாயு அறைகள் இருக்கின்றன. 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு, அளவு வரை அந்த வாயுவுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதி தந்திருக்கிறது. மாம்பழம், வாழைப்பழம் போன்றவை பறித்த பிறகும் அந்த வாயுவில் பழுத்து இனிக்கும். ஆரஞ்சு அந்த வகையைச் சேர்ந்ததன்று. மரத்தை விட்டு இறங்கிய கணத்தில் அதன் இனிப்பு நின்றுவிடும். எத்திலின் தோலின் பச்சையை மட்டும் கழற்றும். சுளையின் சுவையில் அது கை வைப்பதில்லை. புளிப்பான பழத்தை மஞ்சளாக்கி விற்பது அதனால்தான் எளிதாகிறது.

நிறத்தைத் தீர்மானிப்பது குளிர் என்றால், புளிப்பைத் தீர்மானிப்பது வெப்பம். இந்தச் செடிகள் ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன. 25 முதல் 30 டிகிரி வரை அவற்றுக்கு உகந்தது. 37 டிகிரியைத் தாண்டினால் மறுபடியும் தளர்ந்துவிடுகின்றன. பூத்த நாளிலிருந்து பழம் சேர்த்துவைக்கும் வெப்பத்தின் மொத்தமே அது எப்போது கனியும் என்பதை முடிவு செய்கிறது. ஒரே வாலன்சியா மரம் வெப்பமண்டலத் தாழ்நிலத்தில் எட்டு, ஒன்பது மாதங்களில் பழத்தைக் கனியவைக்கும்; குளிர்ந்த கடற்கரைப் பகுதிகளில் அதே வேலைக்கு ஓராண்டைத் தாண்டிய காலம் எடுத்துக்கொள்ளும். சுளையின் சாற்றுப் பைகளில் சேமித்துவைத்த சிட்ரிக் அமிலத்தைப் பழம் தன் சுவாசத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறது. வெப்பம் கூடக்கூடச் செலவும் கூடுகிறது. குறிப்பாக, சூடு தணியாத இரவுகளில் சர்க்கரையைச் சேர்க்கும் ஒளிச்சேர்க்கை நடப்பதில்லை. செலவு மட்டும் நடக்கிறது. எனவே வெப்ப நாட்டுப் பழத்தில் சர்க்கரை பெரிதாகக் கூடாமலேயே அமிலம் இறங்கி, பழம் 'சப்பென்று' ஆகிவிடுகிறது. சாத்துக்குடியில் நான் சுவைத்தது மிகுந்த சர்க்கரையை அன்று. எதிர்த்து நிற்கப் புளிப்பு இல்லாத சர்க்கரையை. கின்னோவில் நடந்தது இதன் மறுபக்கம்: குளிர் தோலுக்கு முன்கூட்டியே நிறம் கொடுத்துவிட்டது, ஆனால் அமிலம் இறங்குவதற்குத் தேவையான வெப்பம் இன்னும் கிடைத்திருக்கவில்லை. மாசி, பங்குனியில் வரும் கின்னோ இனிப்பதும், பருவத் தொடக்கத்தில் வருவது புளிப்பதும் இதனால்தான்.

எலுமிச்சைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முற்றினாலும் அது தன் அமிலத்தை விட்டுக்கொடுப்பதில்லை. சாற்றுப் பையின் செல்களுக்குள் அமிலத்தை அழுத்தித் தள்ளும் நுண்ணிய புரதப் பம்புகள் அதில் சுறுசுறுப்பாக இயங்குவதே காரணம் என்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு 2019இல் காட்டியது. புளியங்குடிப் பக்கம் அத்தனை வெயிலில் விளைந்தும் எலுமிச்சை எலுமிச்சையாகவே இருப்பதற்கு அந்த இயல்புதான் உறுதுணை. அதற்கு வெயிலால் வரும் சேதம் வேறு வழியில் வருகிறது: கோடையில் பூவும் பிஞ்சும் உதிர்கின்றன, தண்ணீர் குறைந்தால் சாறு குறைகிறது. சித்திரையில் ஒரு பழம் விலை ஏறி, பிழிந்தால் நாலு சொட்டு விழும் அனுபவம் இல்லாத வீடு நம்மிடம் இருக்காது.

வெப்பநிலைக்கும் நிறத்துக்கும் உள்ள உறவு மிக அழகாகத் தெரிவது சிசிலித் தீவின் இரத்த ஆரஞ்சில். எட்னா எரிமலையைச் சுற்றியுள்ள தோப்புகளில் பகல் இதமாகவும் இரவு குளிராகவும் இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் மோரோ, டாரோக்கோ இனங்களின் சுளை செம்மை கொள்கிறது. இங்கே நிறம் தருவது கரோட்டினாய்டு அன்று. நாவல் பழத்தில் உள்ள அந்தோசயனின். அதை உருவாக்கும் 'ரூபி' என்ற மரபணுவுக்கு அருகில், எப்போதோ தாவி வந்து ஒட்டிக்கொண்ட ஒரு மரபணுத் துண்டு உட்கார்ந்திருக்கிறது. குளிர் பட்டால் அந்தத் துண்டு விழித்து ரூபியையும் எழுப்பும் என்பதை இங்கிலாந்தின் ஜான் இன்னெஸ் மைய ஆய்வாளர்கள் 2012இல் விளக்கினார்கள். அதே செடியை வெப்பமான ஊரில் நட்டால் மரம் காய்க்கும், பழம் இனிக்கும், சுளை வெளுத்தே இருக்கும். குளிர் போதாத ஆண்டில் பறித்த பழங்களை 10 டிகிரிக்கு அருகில் குளிர்க்கிடங்கில் வைத்தாலும் நிறம் கொஞ்சம் ஏறும். மரத்தில் கிடைக்காததைக் கிடங்கில் கொடுப்பது.

பூமி சூடேறுவதைப் பற்றிப் பேசும்போது மகசூலையே பேசுகிறோம். தரம் அதற்கு முன்பே மாறத் தொடங்கிவிடுகிறது. சட்சுமா என்ற ஜப்பானியக் கமலா வகை இதற்கு நல்ல சான்று. இலையுதிர்காலம் வெப்பமாக இருந்தால் சுளை நின்ற பிறகும் தோல் மட்டும் தொடர்ந்து வளர்ந்து, இரண்டுக்கும் நடுவில் காற்றிடம் விழுந்துவிடும். அங்கே அதை 'மிதக்கும் தோல்' என்கிறார்கள். அந்தப் பழம் பெட்டியில் நசுங்கும், விரைவில் அழுகும், சுவையும் நீர்த்துப்போகும். எகிமே மாகாணத்தில் உள்ள உவாஜிமா விவசாயிகள் 2000களின் தொடக்கத்திலிருந்து வேறொரு வழியைக் கையில் எடுத்தார்கள்: குளிர்காலம் முன்போலக் கடுமையாக இல்லாததால், உறைபனிக்கு அஞ்சி முன்பு நினைத்தே பார்க்காத இத்தாலிய இரத்த ஆரஞ்சை நட்டார்கள். சட்சுமாவுக்கு மிகையாகிப்போன வெப்பம் டாரோக்கோவுக்குச் சரியாக அமைந்திருக்கிறது.

தாண்டிக்குடிக்காரர்களுக்கு அப்படி நகர்ந்துபோக இடம் குறைவு. மலை மேலே ஏறலாம், ஆனால் மலைக்கும் உச்சி உண்டு. பழனி மலையின் கீழ்ப்பகுதியில் கமலா மரங்கள் நோயால் ஏற்கெனவே பெருமளவு அழிந்துவிட்டன. மிஞ்சியவை பெரும்பாலும் காப்பித் தோட்டத்தின் நிழல் மரங்களுக்கு இடையே நிற்பவைதான். அந்த நிழல் பகல் வெயிலைத் தணிக்கும். இரவின் சூட்டை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. என் கணிப்பில், அங்கே வெப்பம் கூடினால் முதலில் தெரியப்போவது காய்ப்பின் குறைவு அன்று. இன்னும் கொஞ்சம் பச்சையான தோலும், இன்னும் கொஞ்சம் சப்பென்ற சுளையும்தான். நமக்கோ பழம் 'முன்ன மாதிரி இல்ல' என்ற ஒற்றை வரியில் அது கடந்துபோகும்.

இப்போதெல்லாம் வண்டியில் நிறத்தைப் பார்க்காமல், ஒரே அளவுள்ள இரண்டு பழங்களைக் கையில் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுக்கிறேன். கமலாவில் தோல் மிகவும் தொளதொளவென்று இருந்தால் விட்டுவிடுகிறேன். அடியில் நகத்தால் லேசாகக் கீறி எண்ணெயின் வாசனையைப் பிடிக்கிறேன். மூன்றாவது பழத்தைக் கீறும்போது வண்டிக்கார அம்மா தராசுத் தட்டை என் கைக்கு நேராக நீட்டிவிடுகிறார்.