இறக்கத்தில் இரண்டாம் கியர்

குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாக இறங்கும் எல்லோருக்கும் தெரியும்: இறக்கத்தில் இரண்டாம் கியர். எங்கள் பிள்ளைகளின் போட்டி ரோபோவுக்கும் இப்போது இரண்டு கியர்: மெதுவாக, ஆனால் பலமாகத் தள்ள லோ; வேகமாக ஓட ஹை.

முன்பு ஒரே கியர்தான். வேகமாக ஓடும். ஆனால் எதிரணி ரோபோ முட்டித் தள்ளினால் மோட்டார் திணறி நின்றுவிடும். நின்றுபோன மோட்டார்தான் அதிகக் கரண்ட் இழுக்கும். 12 வோல்ட் பேட்டரி சரிந்து ரோபோவே அணைந்துவிடும். ஒரு ஆட்டம் அப்படித்தான் போனது. லோ கியரில் மோட்டார் திணறும் முன்பே சக்கரம் வழுக்கிவிட வேண்டும்; வழுக்கினால் மோட்டார் நிற்காமல் சுற்றும். கணக்கே அதுதான்.

காற்றழுத்த சிலிண்டர்தான் கியர் மாற்றுகிறது. காற்றுத் தொட்டி, கம்ப்ரசர் என்று எடை கூடியது, பரவாயில்லை.

நேற்று கியர் விழவே இல்லை. நின்ற நிலையில் பல்லோடு பல் முட்டிக்கொண்டது. ரோபோவை ஓட்டும் பெண் தேயிலை லாரி டிரைவரின் மகள். "லேசா உருட்டிக்கிட்டே போடலாம்ண்ணா, அப்பா அப்படித்தான் போடுவாரு" என்றாள். உருட்டினாள். டக்கென்று விழுந்தது!

கியர் மாற்றுவதை புரோகிராமிடம் விடலாம் என்கிறார்கள் சிலர். எனக்குச் சம்மதமில்லை. தள்ளப்போகிறோம் என்பது முன்கூட்டியே அவளுக்குத்தான் தெரியும். பட்டன் அவள் கையிலேயே இருக்கட்டும்.