சர்ச் ஸ்ட்ரீட்டில் இரும்புக்கை

இரும்புக்கை மாயாவி காமிக்ஸை அதன் ஆங்கில மூலத்தில் படிக்க வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. போன மாதம் பெங்களூருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் கிடைத்தது. அதை அப்படியே சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு எழுதி வைத்துவிட்டேன்.

தங்கியது அல்சூரில், மாமா வீட்டில். அங்கே பால் வாங்கப் போனாலும் தமிழ், பூ வாங்கப் போனாலும் தமிழ். காலையில் ஏரிப் பக்கம் நடந்து திருவள்ளுவரைப் பார்த்தேன். 18 வருடம் மூடியே கிடந்து 2009இல் திறந்த சிலை அது. பிறகு மெட்ரோ. அல்சூருக்கு அடுத்து ட்ரினிட்டி, அதற்கடுத்து எம்.ஜி. ரோடு. இறங்கினால் சர்ச் ஸ்ட்ரீட் நடை தூரம்தான்.

பிளாசம், புக்வார்ம் என்று அங்கே புத்தகக் கடைகளுக்குக் குறைவில்லை. டின்டின், ஆஸ்டெரிக்ஸ் அடுக்குகளைத் தாண்டித் துழாவியபோது, பிரிட்டனில் சில வருடங்களுக்கு முன் மறுபதிப்பாக வந்த மாயாவித் தொகுப்பு கையில் சிக்கியது. விலையைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டேன். பக்கத்திலேயே ஒரு காபி கடையில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தேன்.

சிவகாசியிலிருந்து 1972இல் வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே இந்தக் கதைதான். எனக்கு வாசிக்கக் கிடைத்தது மாமா சேர்த்து வைத்திருந்த பிரதிகள். சாணித்தாளில் கறுப்பு மை அப்பி, விரலில் ஒட்டும். அதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தத் தொகுப்பு வேறொரு உலகம். ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோவின் கோடுகள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. முகத்தின் பாதியை நிழலில் விட்டு, மீதிப் பாதியில் பயத்தை வரைகிறார். இரும்பு விரல்களின் மூட்டுகளில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தபடியே காபியை ஆறவிட்டேன்.

கதை தெரியாதவர்களுக்காக: லூயிஸ் கிராண்டெல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். அப்புறம் ஒரு நாள் உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்து உடம்பே மறைந்துவிடும், அந்தக் கை மட்டும் தெரியும். மின்சக்தி தீர்ந்தால் மறைவும் தீர்ந்துவிடும்; மறுபடி மின்சாரம் தேட வேண்டும். எவ்வளவு அருமையான கட்டுப்பாடு! எதிரி துரத்தும்போது, அடுத்த ப்ளக் பாயிண்ட் எங்கே என்று வாசகனும் சேர்ந்து தேடுகிறான்.

இந்தத் தொடர் 1962இல் 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கியது. வாரத்துக்கு இரண்டே பக்கம். அதற்குள் போன வாரச் சிக்கலை அவிழ்த்து, புதுச் சிக்கலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தமிழில் ஒரே புத்தகமாகப் படித்தபோது இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை ஏன் மூச்சு முட்டியது என்பது இப்போதுதான் விளங்குகிறது.

நான் எழுதும் துப்பறியும் கதைகளுக்கு விதை போட்டது இதுதான். ஆளை மறைத்துவிட்டு ஒரு கையை மட்டும் காட்டுவது எவ்வளவு பெரிய உத்தி! என் தொடர்கதை ஒன்றில் கொலைகாரனைக் கடைசி வரை காட்டவில்லை. அவன் தீக்குச்சி உரசும் சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தம் எனக்கு மாயாவி கொடுத்த கை.

மாலையில் மாமாவிடம் புத்தகத்தை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, சோபா நுனிக்கு வந்துவிட்டார்.

"ஆரம்பத்துல கெட்டவனா சுத்துவான் பாரு, அந்த வேகம் அப்புறம் நிழல் படையில சேர்ந்ததும் இல்லப்பா" என்றார். நிழல் படை என்பது மாயாவி பிறகு வேலை செய்யும் ரகசிய உளவு அமைப்பு.

"எனக்கு நிழல் படைக் கதைகள்தான் மாமா பிடிக்கும். கெட்டவனா இருந்தவன் மேல இவங்க எப்போ சந்தேகப்படுவாங்களோன்னு ஒரு பதைப்பு கூடவே வருதே."

"அது நீ எழுத்தாளன், அப்படிப் படிக்கிற. நான் அடுத்த பக்கத்துக்காகப் படிச்சவன்."

அத்தை தோசைக்குக் கூப்பிட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. தொகுப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ராத்திரி ரயிலில் என் புதுத் தொடரின் முதல் அத்தியாயத்தை எடுத்து, இரண்டு பக்கத்துக்கு ஒரு முடிச்சு விழும்படி வெட்டினேன். பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சமிருப்பது ஓடுகிறது.