நோரா சாத்திய கதவு
போன வாரம் கோபியில் அம்மாயியோடு கடலைக்காய் உரித்துக்கொண்டே நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ கதையைச் சொன்னேன். 1879இல் கோபன்ஹேகனில் மேடையேறிய நாடகம். கணவன் உயிரைக் காக்க, அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக் கடன் வாங்குகிறாள் நோரா.

“நானும் உங்கப்புச்சிக்குத் தெரியாமத் தோட்டை அடகு வெச்சுத்தான் கண்ணு உங்கம்மாளைப் படிக்க வெச்சேன்” என்றார் அம்மாயி. எனக்கே புதுச் செய்தி!

அப்புறம் முடிவு. கடன் விஷயம் தெரிந்ததும் கணவன் அவளையே பழிக்க, நோரா கதவைச் சாத்திவிட்டு வீட்டைவிட்டே போய்விடுகிறாள். ஜெர்மனியில் ஒரு நடிகை, பிள்ளைகளை விட்டுப் போகமாட்டேன் என்று மறுக்க, நோரா வீட்டிலேயே தங்குவதாக இப்சனே வேண்டாவெறுப்பாக மாற்றி எழுதிக் கொடுத்தார். அந்த முடிவு எனக்குத் துளியும் பிடிக்காது.

அம்மாயி இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. “அதெல்லாம் சரி, போனவ கையில காசு ஏதாச்சும் வெச்சிருந்தாளா?”