சாட்சி சொல்லாத அண்ணன்

மார்ச் 3, திங்கள்

காலை எட்டு மணிக்கே நானும் பாஸ்டரும் சிறை வாசலில் போய் நின்றோம். அண்ணன் வெளியே வரும்போது மணி பத்தேகால். ஒன்பது வருடம் உள்ளே இருந்தவரின் மொத்த உடைமையும் ஒரு பிளாஸ்டிக் பையில் அடங்கியிருந்தது. சபை ஏற்பாடு செய்த அறைக்குக் கூட்டிப்போய்ச் சாவியைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். யாராவது வந்து திறப்பார்கள் என்று காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

மார்ச் 5, புதன்

அடையாள அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாமல் சம்பளம் போட முடியாது. முகவரிச் சான்று இல்லாமல் அட்டையே கிடையாது. நாள் முழுக்க இதையே சுற்றிச் சுற்றி வந்தோம்.

கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 2015-இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 108-ஆவது விதி, விடுதலையாகிறவருக்கு அடையாள ஆவணங்கள், தங்குமிடம், வேலை, பருவத்துக்கேற்ற உடை, போய்ச்சேர வழிச்செலவு எல்லாம் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. உடை வரைக்கும் யோசித்திருக்கிறார்கள். எங்கள் கையில் இருந்தது விடுதலைச் சான்று ஒன்றுதான். அதை நீட்டியதும் கவுண்டரில் இருப்பவரின் முகம் மாறுவதை அண்ணனும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று தப்பு செய்துவிட்டேன். ஆராதனை முடிகிற நேரத்தில் மைக்கை வாங்கி, "அண்ணன் ஒரு சாட்சி சொல்வார்" என்று அறிவித்துவிட்டேன். சாட்சி என்றால், கடவுள் தன் வாழ்க்கையை எப்படி மாற்றினார் என்று சபை முன்னால் சொல்வது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடையேறி "ஸ்தோத்திரம்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. இறங்கி நேராக வெளியே போய்விட்டார்.

மார்ச் 12, புதன்

மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லை. நேரில் போனேன். அறையில் பகலிலும் விளக்கு எரிகிறது. இருட்டில் தூங்கும் பழக்கமே விட்டுப்போய்விட்டதாம். மன்னிப்புக் கேட்டேன். "கோர்ட்டில் ஒரு தடவை எல்லாத்தையும் சொல்லிட்டேன் தம்பி. அது போதும்" என்றார். சபைகளுக்குத் திருந்தியவனின் கதை பிடிக்கும். திருந்திக்கொண்டிருப்பவனோடு புதன்கிழமை சாயங்காலம் உட்கார ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

மார்ச் 18, செவ்வாய்

ஒருவழியாக ஐந்து பேர் சேர்ந்துவிட்டோம். வாரம் ஒருமுறை அண்ணனோடு வட்டமாக உட்கார்ந்து பேசுவது, நடுவில் ஒருவர் மாற்றி ஒருவர் போனில் விசாரிப்பது என்று ஏற்பாடு. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1994-இல் கனடாவின் ஹாமில்டனில், பாலியல் குற்றத்துக்குத் தண்டனை முடித்து வந்த ஒருவரை ஊரே எதிர்த்தபோது, மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர் ஒருவர் தன் சபையில் சிலரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியது. ஆதரவும் உண்டு, கேள்வியும் உண்டு. வேலைக்கு ஏன் போகவில்லை என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள்.

சபையில் ஒரு அக்கா இதில் சேர மாட்டேன் என்றார். அவர் வீட்டில் ஒருமுறை திருட்டுப் போயிருக்கிறது. பாஸ்டர் வற்புறுத்தவில்லை. அதுதான் சரி என்று எனக்கும் பட்டது.

மார்ச் 30, ஞாயிறு

காணிக்கை எண்ணும் குழுவில் அண்ணனைச் சேர்க்கலாமா என்று மூப்பர்கள் கூட்டத்தில் பெரிய விவாதம். பாஸ்டர் பைபிளில் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தை எடுத்தார். மொத்தமே 25 வசனம், பவுல் சிறையில் இருந்து எழுதியது. பிலேமோனை விட்டுப் பிரிந்துபோன அடிமை ஒநேசிமுவைத் திரும்ப ஏற்றுக்கொள்ளச் சொல்லும் கடிதம். ஒநேசிமு திருடினானா என்று பவுல் சொல்லவே இல்லை. அவன் பட்ட கடன் ஏதாவது இருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள் என்கிறார், அவ்வளவுதான்.

விவாதத்தை முடித்து வைத்தது அண்ணன்தான். "வேண்டாம். காசு குறைஞ்சா என்னைப் பார்ப்பீங்க. குறையாட்டியும் பார்ப்பீங்க." யாரும் பதில் பேசவில்லை. ஆலயச் சாவியை வைத்துக்கொள்கிறேன், ஞாயிறு காலை திறந்து நாற்காலி போடுகிறேன் என்று அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணன் வரப் பத்து நிமிடம் தாமதம். மொத்தச் சபையும் பூட்டிய கதவுக்கு முன்னால் காத்து நின்றது. பஸ் தவறிவிட்டதாம். ஓடி வந்து திறந்தார், நாற்காலிகளை எல்லாரும் சேர்ந்து போட்டோம். அந்தப் பத்து நிமிடத்தில் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.