மான்தோல் செருப்பு

அருவி பார்க்கத்தான் போனோம். நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பக்கம், ரோச்செஸ்டரிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் லெட்ச்வொர்த் பூங்கா வந்துவிடுகிறது. ஜெனசி ஆறு பாறையை அறுத்துக்கொண்டு வடக்கே ஓடும் பள்ளத்தாக்கு அது. சில இடங்களில் 600 அடி ஆழம் வரும். பெரிய அருவிகள் மட்டும் மூன்று. அக்டோபர் மாதம், மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கிற நேரம். கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? நடு அருவிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்றிவிட்டு, சரி, மேலே எங்காவது விடலாம் என்று மேட்டில் ஏறினோம். அங்கேதான் அந்தச் சிலை இருந்தது.

இளம்பெண்ணின் வெண்கலச் சிலை. தோலாடை, முதுகில் பலகையோடு சேர்த்துக் கட்டிய கைக்குழந்தை, நடந்துகொண்டே இருக்கிற தோற்றம். 1910இல் வைத்தது. கீழே மேரி ஜெமிசனின் கல்லறை.

மேரி பிறந்ததே கப்பலில்தான். 1743 வாக்கில், அயர்லாந்திலிருந்து பிலடெல்பியாவுக்கு வரும் வழியில். குடும்பம் பென்சில்வேனியாவில், இன்றைய கெட்டிஸ்பர்க் பக்கம் விவசாயம் செய்தது. 1758இல் பிரெஞ்சுக்காரர்களும் ஷானி என்ற பழங்குடி வீரர்களும் சேர்ந்து வந்து வீட்டிலிருந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காட்டில் ஓர் இரவு, அவள் கால் செருப்பைக் கழற்றிவிட்டு மான்தோல் காலணியை மாட்டினார்கள். அதைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது: இவளை மட்டும் உயிரோடு விடப்போகிறார்கள். உன் பெயரை மறக்காதே, ஜெபத்தை மறக்காதே, நம் பேச்சை மறக்காதே என்று சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகு மேரி அம்மாவைப் பார்க்கவில்லை. இதை வாசித்தபின் சிலையின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒகையோ ஆற்றங்கரையில் செனெகா என்ற பழங்குடியைச் சேர்ந்த இரண்டு சகோதரிகள் அவளை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய அண்ணனோ தம்பியோ ஒருவர் போரில் இறந்திருந்தார். இறந்தவர் இடத்தில் ஒரு கைதியைக் கொண்டுவந்து வைப்பது செனெகா வழக்கம். பழைய துணிகளை ஆற்றில் எறிந்து, குளிப்பாட்டிப் புது உடை உடுத்தி வீட்டுக்குள் உட்கார வைத்ததும், ஊர்ப் பெண்கள் சுற்றி நின்று செத்தவருக்காக ஒப்பாரி வைத்தார்கள். நம்மைக் கொல்லப்போகிறார்கள் என்று அந்தப் பெண் நடுங்கியிருக்கிறாள். அழுகை மெல்ல மகிழ்ச்சியாக மாறியது. புதுப்பெயரும் வந்தது: டெகெவானஸ். அழகான பெண் என்று பொருள் என்பது அவள் சொன்னது. ‘விழும் இரு குரல்கள்’ என்பது பின்னால் வந்தவர்கள் தரும் விளக்கம். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அவள் பெயரைப் பற்றி அவள் சொல்வதைத்தானே கேட்க வேண்டும்!

டெலவேர் பழங்குடி இளைஞர் ஷெனின்ஜியைத் திருமணம் செய்துகொண்டாள். பிறந்த மகனுக்குத் தன் அப்பாவின் பெயரை, தாமஸ் என்று வைத்தாள். அந்தக் குழந்தையை முதுகில் சுமந்துதான் ஒகையோவிலிருந்து ஜெனசிக்கு நடந்தாள். அவள் கணக்கில் 500, 600 மைல். சிலை காட்டுவது இந்த நடையைத்தான். வேட்டை முடித்துப் பின்னால் வருவதாகச் சொன்ன கணவர் வரவில்லை. நோயில் இறந்த செய்திதான் வந்தது. பிறகு ஹியோகடூ என்ற போர்வீரரை மணந்து இன்னும் ஆறு பிள்ளைகள் பெற்றாள்.

திரும்பிப் போக வாய்ப்பே இல்லாமல் இல்லை. அமெரிக்கப் புரட்சிக்குப் பிறகு, விரும்பினால் போகலாம் என்றார்கள். தாமஸை மட்டும் ஊர்த் தலைவர்கள் விடத் தயாராக இல்லை. அவனை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. செனெகா பிள்ளைகளோடு போனால் வெள்ளைக்கார உறவுகள் எப்படி நடத்துவார்களோ என்ற பயமும் இருந்தது. செனெகாக்களிடம் வீடும் வயலும் பெண்கள் பொறுப்பு. பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். ‘கைதி’ என்ற சொல் அவளுக்கு எத்தனை ஆண்டு பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை.

நிலக்கதைதான் எனக்குப் பிடித்தது. 1779இல், புரட்சிப் போரின்போது, அமெரிக்க ஜெனரல் சல்லிவனின் படை செனெகா ஊர்களையும் சோளக் கொல்லைகளையும் எரித்தபின், மேரி கார்டோ என்ற ஆற்றோரச் சமவெளிக்கு வந்தாள். அங்கே தப்பி வந்திருந்த இரண்டு கறுப்பின அடிமைகளின் சோளத்தை உரித்துக் கூலியாகச் சோளம் வாங்கி, அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினாள். 1797இல், செனெகாக்கள் தங்கள் நிலத்தில் பெரும்பகுதியை விற்ற பிக் ட்ரீ ஒப்பந்தத்தில் அவளுக்கு நிலம் ஒதுக்க முடிவானபோது, எல்லைகளை அவளே வாயால் சொன்னாள். ஏதோ சின்னத் துண்டு என்று நினைத்து ஒப்புக்கொண்டார்கள். அளந்து பார்த்தால் ஏறக்குறைய 18,000 ஏக்கர்!

அத்தனை நிலத்தாலும் நிம்மதி வாங்க முடியவில்லை. மகன் ஜான் 1811இல் அண்ணன் தாமஸையும் 1812இல் தம்பி ஜெஸ்ஸியையும் கொன்றான். 1817இல் அவனையும் கொன்றார்கள். 1823இல் நிலத்தில் பெரும்பகுதி கைமாறியது. அந்த ஆண்டுதான், எண்பது வயதில், தன் கதையை ஒரு மருத்துவரிடம் சொன்னாள். 1831இல் செனெகாக்களோடு பஃபலோ கிரீக்குக்குப் போய், 1833இல் அங்கேயே இறந்தாள். அந்த இடுகாட்டுக்கும் ஆபத்து வந்ததால் 1874இல் எச்சங்களை இங்கே கொண்டுவந்தார்கள். இடம் கொடுத்தவர் இந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான லெட்ச்வொர்த். பக்கத்திலேயே செனெகாக்களின் பழைய மன்றக் கட்டடம், மேரியின் மகள் நான்சியின் மரவீடு. எல்லாமே வேறு இடத்திலிருந்து பெயர்த்து வந்தவை.

கிளம்பும்போது கார்டோவை மேலிருந்து பார்க்கும் இடத்தில் நிறுத்தினோம். கீழே ஆறு வளைந்து ஓட, இரு பக்கமும் சமவெளி. எல்லையை எந்த மரத்திலிருந்து எந்த ஓடை வரை சொல்லியிருப்பாள் என்று கண்ணாலேயே கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இருட்டிவிட்டது. மேல் அருவியைப் பார்க்காமலே ஊர் திரும்பினோம்.